புரோட்டானைப் பிடித்திருந்த விரல்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தேழு. அச்சுப்பிழையோ என்று யாரும் கண்ணைத் தேய்த்துக்கொள்ள வேண்டாம். சரியாகத்தான் இருக்கிறது.

குருவின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரர். திருநெல்வேலிக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டி ஒரு சின்ன ஆய்வு நிலையம் உண்டு. அங்கே இயற்பியல் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. சீடர் ஞானதிரவியம், பக்கத்து ஊர்க் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷமாக இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். பகுதிநேர ஆய்வு மாணவர். சனிக்கிழமையும் விடுமுறை நாட்களும் அவருக்கு இங்கேதான். சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்பு முதல் தடவை வந்தபோது ஞானதிரவியம் ஒரு சந்தேகத்தோடு வந்தார். புரோட்டானுக்குள் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, எது தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று கண்டுபிடிப்பது இங்கே வேலை. இதையெல்லாம் நேராக உணரக்கூடியது ஈர்ப்புவிசை ஒன்றுதான். ஆனால் அத்தனை சின்னப் பொருளை அந்த விசையால் அசைக்கக்கூட முடியாது. இதை அவரே கல்லூரியில் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார்.

“தொடவே முடியாத கையை வச்சு எப்படி மேடம் தடவிப் பாக்கது?” என்று கேட்டார்.

செண்பகவல்லி கேண்டீனிலிருந்து இரண்டு முட்டை வரவழைத்தார். ஒன்று அவித்தது, இன்னொன்று பச்சை.

“எது அவிச்சதுன்னு சொல்லுங்க. உடைக்கக் கூடாது.”

ஞானதிரவியம் இரண்டையும் மேசைமேல் சுற்றிவிட்டார். ஒன்று பம்பரம் மாதிரி சுற்றியது. மற்றது தள்ளாடித் தள்ளாடி நின்றது. முதலாவதைக் காட்டினார்.

“உள்ள பாத்தீங்களா?”

“இல்ல.”

“பிறகு?”

ஞானதிரவியம் இரண்டு முட்டையையும் மறுபடி ஒருமுறை சுற்றிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை பதிவுப் படிவத்தோடு வந்தார்.

வேலை இப்படித்தான் நடக்கும். வெளிநாட்டில் இருக்கும் பெரிய எந்திரங்களில் எலக்ட்ரானைப் புரோட்டான்மேல் எறிவார்கள். அந்த எலக்ட்ரானிலிருந்து ஒரு வெளிச்சம் உள்ளே போகும், வேறொரு வெளிச்சம் வெளியே வரும். போனதையும் வந்ததையும் சேர்த்துப் படித்தால், ஈர்ப்புவிசைக்குக் கை இருந்து அது தடவிப் பார்த்திருந்தால் என்ன உணர்ந்திருக்குமோ, அதில் ஒரு பகுதி தெரியவரும். எந்திரம் அங்கே, எண்கள் எல்லோருக்கும் பொது. திருநெல்வேலியில் மின்சாரம் இருந்தால் போதும், உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

ஞானதிரவியம் போட்டார். ஏழு வருஷம் போட்டார். கடைசியில் ஒரு படம் கிடைத்தது. ஒரு கோடு. புரோட்டானின் நடுவில் அது மேலே ஏறி நிற்கும். அங்கே எல்லாம் வெளியே தள்ளுகிறது. ஓரத்துக்குப் போகப் போகக் கோடு கீழே இறங்கும். அங்கே எல்லாம் உள்ளே இழுக்கிறது. தள்ளலும் இழுப்பும் கூட்டிக் கழித்தால் சரியாகப் பூஜ்யம். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தார். சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் இது இருக்கிறதே என்று அவர் மனைவி ரூபி ஒருமுறை கேட்டதாகச் சொல்வார்கள்.

ஆய்வேடு தயாராகிவிட்டது. அந்த மாதம் முப்பதாம் தேதி பதிவு காலாவதியாகிறது. பல்கலைக்கழகம் ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்புக் கொடுத்திருந்தது. மூன்றாவது முறை என்ற பேச்சே இல்லை. அடுத்த மே மாதம் வேலையிலிருந்தும் ஓய்வு. இப்போது விட்டால் விட்டதுதான்.

செண்பகவல்லியிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆய்வேட்டின் கடைசிப் பிரதியை அவர் உடனே வாங்கிப் படிக்க மாட்டார். “கேண்டீன்ல சொல்லிட்டு வாங்க, பிறகு தாங்க” என்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் கேண்டீன் அரைமணி நேரம் ஓய்ந்திருக்கும். சமைப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், தோட்டவேலை செய்பவர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் பலகை இல்லாமல், படம் இல்லாமல், கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். முன்பு ஒரு மாணவர், “அது உங்களுக்குப் புரியாதும்மா” என்று சொல்லிவிட்டார். அவருடைய ஆய்வேடு செண்பகவல்லியின் மேசையில் ஆறு மாதம் காற்று வாங்கியது.

பத்தாம் தேதி ஞானதிரவியத்தின் முறை.

நன்றாகத்தான் பேசினார். இருபத்தெட்டு வருஷம் வகுப்பெடுத்த வாய் அல்லவா? நம் உடம்பின் எடையெல்லாம் இந்த மாதிரிக் குட்டித் துகள்களில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தார். அதற்குள்ளே நடுவில் ஒரே தள்ளல், ஓரத்தில் ஒரே இழுப்பு என்றார். தள்ளல் கூடினால் வெடித்துவிடும், இழுப்பு கூடினால் நசுங்கிவிடும். “வெடிக்கவும் இல்ல, நசுங்கவும் இல்ல. நாம இங்க உக்காந்திருக்கோம்லா, அதான் சாட்சி” என்று முடித்தார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

கேண்டீனில் தலைமைச் சமையல் மாடத்தி. சந்தேகம் தீராமல் அந்த அம்மாள் எழுந்திருக்க மாட்டார்.

“தள்ளுதது, இழுக்கது ரெண்டையும் நீங்க பாத்தீங்களா, சார்?”

“வெளிச்சத்துல தெரியுததைப் பாத்தோம். குவார்க்குன்னு ஒண்ணு இருக்கு, அது தெரியும். அதுகளை ஒட்டிப் பிடிச்சிருக்க பசைன்னு ஒண்ணு இருக்கு. அதுமேல இந்த வெளிச்சம் பிடிக்காது.”

“தெரியாததை எப்படிக் கணக்குல சேத்தீங்க?”

“தெரிஞ்ச வரைக்கும் கூட்டினா தள்ளு கொஞ்சம் மிஞ்சும். எவ்வளவு மிஞ்சுதோ, அவ்வளவு இழுப்பு அந்தப் பசையில இருக்குன்னு வச்சுக்கிட்டோம்.”

“கடைசியில சரியா வந்துச்சாக்கும்?”

“அச்சு அசலா வந்துச்சு.”

மாடத்தி தலையை ஆட்டினார். அதில் கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் வராது.

“பின்ன, அப்படி வச்சா எப்பவுமே சரியாத்தானே வரும்” என்று சொல்லிவிட்டு, மாவு ஆட்ட நேரமாயிற்று என்று எழுந்து போனார்.

மற்றவர்கள் கைதட்டினார்கள். ஞானதிரவியத்துக்கு அது காதில் விழவில்லை. கடைசி பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த செண்பகவல்லி தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். ஆய்வேட்டைத் தாருங்கள் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஞானதிரவியம் நூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்தார். ‘தள்ளலும் இழுப்பும் சமமாக இருப்பதை இந்த ஆய்வு உறுதிசெய்கிறது’ என்று இருந்தது. அந்த ஆய்வேட்டுக்கே அதுதான் முதுகெலும்பு. முன்னுரையிலும் அது உண்டு, முடிவுரையிலும் உண்டு.

அவர் திருடர் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு கணக்கு சமமாகி மூடாமல் அடம்பிடித்தபோது, கம்ப்யூட்டர் நிரலில் ஒரு வரி சேர்த்தார். பசையின் பங்கு என்பது மிச்சம் எவ்வளவோ அவ்வளவு. அந்த வரிக்குப் பக்கத்தில் ‘தற்காலிகம், பிறகு சரிபார்க்கவும்’ என்று தமக்கே ஒரு குறிப்பும் எழுதினார். தற்காலிக ஏற்பாடுகளுக்கு நம் ஊரில் ஆயுள் கெட்டி. கோடு அழகாக வந்தது. அழகாக வந்ததைப் போய் யார் சரிபார்ப்பார்கள்? இரண்டு மாதத்தில் அந்த வரியை மறந்தார். பிறகு அதிலிருந்து வந்த முடிவைப் புரோட்டானே சொன்னதாக நம்பினார்.

ரூபியிடம் சொன்னார். ரூபி முழுவதும் கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். புரோட்டான் எப்படியும் வெடிக்கப் போவதில்லையே, சமமாகத்தானே இருக்கப் போகிறது? அது ஞானதிரவியத்துக்கும் தெரியும். வாக்கியம் உண்மைதான். ஆனால் அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவர் போட்டதை அவரே எடுத்திருக்கிறார்.

ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடலாமா என்று யோசித்தார். சின்ன எழுத்தில் சொன்னாலும் உண்மை உண்மைதானே? அப்படி நினைத்த நேரத்தில் அவருக்குத் தம்மேலேயே அருவருப்பாக இருந்தது. வரியை எடுத்துவிட்டால் ஏழு வருஷம் போய்விடும். வைத்துக்கொண்டால் பட்டம் வரும், ஆனால் அந்தப் பட்டத்தை நெஞ்சில் கைவைத்து வாங்க முடியாது.

மறுநாள் காலையில் செண்பகவல்லி வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றார்.

“மேடம், கண்ணுக்குத் தெரியாததை எப்படி எழுதுதது?”

செண்பகவல்லி கைப்பையை மேசையில் வைத்தார். “வாங்க” என்று சொல்லி, அவரைக் கேண்டீன் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே உத்தரத்துக் கொக்கியில் ஒரு பழைய தராசு தொங்கியது. மின்தராசு வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. செண்பகவல்லி ஒரு தட்டில் கருப்பட்டி ஒன்றைத் தூக்கி வைத்தார். தட்டு இறங்கியது.

“சமமாக்குங்க, அண்ணாச்சி.”

ஞானதிரவியம் சுற்றிப் பார்த்தார். எடைக்கல் எதுவும் கண்ணில் படவில்லை. வேறு வழியில்லாமல் காலித் தட்டை ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்தினார். முள் நடுவுக்கு வந்தது.

“சமமா இருக்கா?”

“இருக்கு.”

“அப்படியே பிடிச்சுக்கோங்க. இந்தா வாரேன்.”

போனவர் வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. கை நடுங்கினால் முள் நடுங்கியது. விரலை மாற்றினார், மணிக்கட்டை மாற்றினார். அரிசி எடுக்க வந்த மாடத்தி அவரைப் பார்த்து நின்றார்.

“என்ன சார் செய்யுதீங்க?”

“தராசைப் பிடிச்சிட்டு இருக்கேன்.”

“எதுக்கு?”

“விட்டா சாஞ்சிரும்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. மாடத்தி, அந்தக் கருப்பட்டி பணியாரத்துக்கு வேண்டும், வேலை முடிந்ததும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அரிசியோடு போனார்.

செண்பகவல்லி திரும்பி வந்தபோது அரைமணி நேரம் ஆகியிருந்தது.

“கை வலிக்கா?”

“வலிக்கு.”

“எத்தனை நேரமா?”

“நாலு வருஷமா, மேடம்.”

ஞானதிரவியம் தட்டைப் பார்த்தபடியே, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா என்று கேட்டார்.

“நாலு வருஷத்துக்கு முன்ன அந்தப் படத்தைக் கொண்டாந்து காட்டினீங்க. ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னேன். பசையை எங்க இருந்து எடுத்தீங்கன்னு கேக்கல. கேட்டிருக்கணும்” என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. அவர் வெட்கப்பட்டார், அதை மறைக்கவும் இல்லை.

ஞானதிரவியம் விரலை எடுத்தார். கருப்பட்டித் தட்டு சட்டென்று இறங்கி, காலித் தட்டு மேலே போய் ஆடியது. எல்லாம் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியது.

செண்பகவல்லி கையிலிருந்த மரப்பெட்டியைத் திறந்து அரிசி மூட்டைமேல் வைத்தார். உள்ளே எடைக்கற்கள். அவர் அரைமணி நேரம் தேடிப்போனது அதைத்தான். ஞானதிரவியம் ஒவ்வொன்றாக எடுத்துக் காலித் தட்டில் வைத்தார். முந்நூற்று நாற்பது கிராமுக்குக் கருப்பட்டி இறங்கியது. முந்நூற்று ஐம்பதுக்குக் கல் இறங்கியது. அதைவிடச் சின்னக் கல் பெட்டியில் இல்லை.

“எவ்வளவு?”

“நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல எங்கியோ.”

“விரல் எவ்வளவு அழுத்துச்சு?”

ஞானதிரவியம் விரலைப் பார்த்தார். “அதேதான், மேடம்” என்றார்.

“எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டு, கருப்பட்டியை எடுத்து மாடத்தியிடம் கொடுக்கப் போனார்.

இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

ஞானதிரவியம் கல்லூரிக்கு விடுப்புப் போட்டார். நிரலில் அந்த வரியைத் தேடி எடுத்தார். ‘தற்காலிகம், பிறகு சரிபார்க்கவும்’ என்ற குறிப்பும் அங்கேயே இருந்தது. இரண்டையும் அழித்தார். கோடு உடனே அலங்கோலமாயிற்று. நடுவில் தள்ளல் அப்படியே நின்றது, ஓரத்தில் இழுப்பு போதவில்லை. இந்த முறை மிச்சத்தை ஒழிக்கப் பார்க்காமல் அளக்கப் பார்த்தார்.

அளப்பது சுலபமாக இல்லை. எந்திரம் தந்த ஒவ்வொரு எண்ணும் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். அந்த அளவுக்கு எண்களைத் தட்டித் தட்டி, முழுக் கணக்கையும் திரும்பத் திரும்ப ஆயிரம் தடவை ஓடவிட்டார். நிலையத்தின் கம்ப்யூட்டர் பழையது, நான்கு நாள் எடுத்துக்கொண்டது. நூறு பங்கு தள்ளலில் மிச்சம் ஒரு தடவை பதினான்கு வந்தது, ஒரு தடவை இருபத்தொன்று, ஒரு தடவை பதினேழு. ஆயிரத்தில் இரண்டே இரண்டு தடவைதான் பூஜ்யத்தைத் தொட்டது.

அதாவது, மிச்சம் நிஜம். அது அவருடைய தப்பால் வந்த மிச்சம் இல்லை. வெளிச்சத்துக்குச் சிக்காத ஒன்று அங்கே உண்மையாகவே இழுத்துக்கொண்டிருக்கிறது. எங்கே என்றும் தெரிந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் வழியில், மூன்றில் இரண்டு பங்கு தூரம் தாண்டிய பிறகு.

அன்றைக்கு ஞானதிரவியம் மிகவும் சந்தோஷப்பட்டார். நான்கு வருஷமாகக் கேள்வியும் அவரே, பதிலும் அவரே. இப்போது முதல்முறையாக எதிரே இருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. கேண்டீனுக்குப் போய் மாடத்தியிடம், “அப்படி வச்சாத்தான் எப்பவும் சரியா வரும். வைக்காம விட்டா மிச்சம் வருது, மாடத்தி” என்றார். வராமல் எங்கே போகும் என்று மாடத்தி இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

நூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திருத்தினார். ‘தெரிந்த பகுதி மட்டும் தன்னளவில் சமமாக இல்லை. மிச்சம் நூற்றுக்குப் பதினெட்டு. ஆறு கூடலாம், ஆறு குறையலாம். பசைதான் இதைத் தாங்குகிறது என்றால், அது இந்த இடத்தில் தாங்க வேண்டும்.’ பெரிய எழுத்தில், பக்கத்தின் நடுவில். சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார். புதுப் படம் ஒட்டும்படியாக இல்லை. கோட்டுக்குப் பதிலாக ஆயிரம் கோடுகள் சேர்ந்த அகலமான ஒரு பட்டை, அதன் ஓரத்தில் ஆழம் போதாத ஒரு பள்ளம்.

இதை யார் ஏற்பார்கள் என்று ரூபி கவலைப்பட்டார். அதே கவலை அவருக்கும் இருந்தது. மூடாத கணக்கை ஆய்வேடு என்று கொண்டுபோய் நிற்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. செண்பகவல்லி இரண்டு நாளில் முழுவதும் படித்து, ஏழு இடத்தில் கேள்வி எழுதி, கையெழுத்துப் போட்டார். முப்பதாம் தேதி மாலை நாலு இருபதுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் முத்திரை விழுந்தது.

ஐந்து மாதம் கழித்து இரண்டு அறிக்கைகள் வந்தன. வெளிநாட்டிலிருந்து வந்தது நல்லபடியாக இருந்தது. சென்னைப் பேராசிரியர் அனுப்பியது அப்படி இல்லை. மற்றவர்கள் காட்டியிருக்கும் சமநிலையை இந்த ஆய்வாளரால் காட்ட முடியவில்லை, வாய்மொழித் தேர்வில் விளக்கம் கேட்கப்படும் என்று இருந்தது. ஞானதிரவியம் அதைப் பல தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் அது அதையேதான் சொன்னது.

வைவா அன்று கூடம் நிறைந்திருந்தது. ரூபி முன்வரிசையில் இருந்தார். மாடத்தியும் வேலையை ஒப்படைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். சென்னைப் பேராசிரியர் கண்டிப்பான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“எல்லாரும் சமமா காட்டியிருக்காங்க. உங்க புரோட்டான் மட்டும் வெடிச்சிடும் போலிருக்கே?”

“அது வெடிக்கல சார். என் கணக்குதான் மூடல. மத்தவங்க பசைக்கு ஒரு அளவை வச்சுக்கிட்டுப் போட்டிருக்காங்க, வச்சுக்கிட்டோம்னு சொல்லியும் இருக்காங்க. நானும் நாலு வருஷம் வச்சிருந்தேன். சொல்லல. இப்பம் எடுத்துட்டேன். எடுத்தா இழுப்புல பதினெட்டு குறையுது. யாரோ பிடிச்சிருக்காங்க. அவங்களை நான் பாக்கல. எவ்வளவு பலமா, எந்த இடத்துலன்னு மட்டும் சொல்லுதேன்.”

பேராசிரியர் நூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

“இந்தப் பதினெட்டு தப்பா இருந்தா?”

“தெரியல சார்” என்றார் ஞானதிரவியம்.

பேராசிரியர் தாளில் நிறைய எழுதினார். பிறகு எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்து, கை கொடுத்தார். ரூபி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடத்தி கேசரி கொண்டுவந்தார். எல்லோரும் அவரை டாக்டர் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவரும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பிப் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு கூடத்தில் செண்பகவல்லி கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். ஞானதிரவியம் பக்கத்தில் போய் நின்றார். கேசரிக் கிண்ணம் கையில் இருந்தது, சாப்பிடவில்லை.

பட்டம் கிடைத்தும் மனம் அடங்கவில்லை. வாழ்நாளில் அவர் கண்டுபிடித்தது இந்த ஒன்றுதான். இன்னொன்றுக்கு இனிக் காலம் இல்லை. அது தவறிவிட்டால் அவரிடம் வேறெதுவும் இல்லை.

“வெளிநாட்டுல புது எந்திரம் கட்டுதாங்க, மேடம். பத்து வருஷத்துல வந்துரும்ங்காங்க. பசையையே பாக்குமாம். எனக்கு அப்பம் அறுபத்தெட்டு. இருப்பேன்.”

“இருப்பீங்க.”

“பதினெட்டு தப்புன்னு அது சொல்லிட்டா?”

செண்பகவல்லி டஸ்டரை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

“உங்க பழைய வரியைத் தப்புன்னு எந்த எந்திரத்தாலயும் சொல்லியிருக்க முடியாது, அண்ணாச்சி. இந்தப் பதினெட்டைத் தப்புன்னு சொல்ல முடியும்.”